ஐந்து வீட்டுக் காய்ச்சல்

ஐந்து வீடு என்று சொன்னது சம்பந்தம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

போனைக் கையில் பிடித்தபடி அவரை நாம் விட்டுவந்தது போன வாரம். கதையில் அது நேற்றுச் சாயங்காலம். நாம் நமது வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவர் சொன்ன ஐந்து வீடு அப்படிச் சும்மா இருக்கவில்லை. நகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் ஏறி, அதிகாரி மேஜையில் இறங்கி, இன்று விடிந்தும் விடியாததுமாக ஒரு மினி லாரியாகப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது.

லாரி நிறைய தகரமும் சவுக்குக் கம்பும்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திருஞானசம்பந்தம், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஒரு பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரிப்பவர். ஒன்றுக்கு ஒன்றரை சொல்லி, மனசே இல்லாதவர் மாதிரி ஒன்றேகாலுக்கு இறங்கி, கல்யாணக் கூட்டத்தைச் சிரித்த முகத்தோடு காரில் ஏற்றிவிடுவதில் அவருக்கு இணையாகக் காஞ்சிபுரத்தில் ஆள் குறைவு. மகன் உதயகுமாரையும் அதே கடையில் சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதிலேயே அவன், அப்பா விலை சொல்லி வாய் மூடுவதற்குள், பெண் வீட்டு அம்மாளிடம், "இது அவ்ளோ பெறாதும்மா" என்றான்.

அந்த அம்மாள் விரித்த புடவையைக் கையால் தள்ளி வைத்தாள்.

"இனிமே என்ன அப்பான்னு கூப்பிடாத" என்றார் சம்பந்தம். அதுவும் சொல்கிற விலைதான். கொஞ்சம் கெஞ்சினால், கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டால், பாதிக்கு இறங்கி வந்திருப்பார். பையன் ஒரே விலைக்காரன். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அது கொரோனாவுக்கு முந்தைய வருஷம். இப்போது கடைக்குப் பூட்டு. மனைவி மங்கையர்க்கரசி மகள் கீர்த்தியின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள், இ-பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். உதயகுமார் சின்ன காஞ்சிபுரத்தில் நண்பனோடு அறை எடுத்துத் தங்கி, நகராட்சியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். என்ன வேலை? கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை.

மகனுடைய செல்லுக்குச் சம்பந்தம் கூப்பிடமாட்டார். முதலில் இறங்கி வருகிறவன் பேரத்தில் தோற்றவன். தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் கட்டுப்பாட்டு அறை எண் ஊருக்கே பொது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். அதற்குப் போன் போடுவதை யாரும் இறங்குவது என்று சொல்ல முடியாது.

அதனால் தினமும் போட்டார். எங்கள் தெருவுக்குப் பிளீச்சிங் பவுடர் வரவில்லை என்பார். தெரு முனையிலிருந்து கடைசி வரை வெள்ளையாகக் கிடக்கும். கபசுரக் குடிநீர் பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது என்பார். குடித்த கசப்பு இன்னும் அவர் நாக்கிலேயே இருக்கும்.

"வணக்கம், கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க சார்."

அந்தக் குரலுக்காகத்தான் அத்தனையும். சார் என்கிற அந்த வார்த்தை மட்டும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பரவாயில்லை, குரல் வந்ததே. பேச்சை வளர்ப்பதற்காக எந்தத் தெருவை மூடியிருக்கிறார்கள், எதைத் திறந்தார்கள், காய்கறிக் கடைகளை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்பார். கேட்டதை வீணாக்காமல் தெரு வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகப் போடுவார். ஜனங்கள் அதற்குச் "சம்பந்தம் நியூஸ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கொரோனா விஷயத்தில் நகராட்சி இன்று என்ன செய்யப் போகிறது என்று தெரிய வேண்டுமா, சம்பந்தத்தைக் கேள். தெருவே அவருக்குப் போன் போட்டது. சாப்பிட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்தி வாசிக்கிறவரை யார் அப்படிக் கேட்பார்கள்?

நேற்று அந்த எண்ணில் ஒரு பெண் குரல் வந்தது. பெயர் பிரியதர்ஷினி, வேலைக்குப் புதிது. மகன் இல்லை என்றதும் சம்பந்தத்துக்குச் சரக்கு தீர்ந்த கடைக்காரர் மாதிரி ஆகிவிட்டது. பெரிதாக ஏதாவது சொன்னால் போன் அவன் கைக்குப் போகும் என்று ஒரு கணக்கு.

"எங்க தெருவுல அஞ்சு வீட்ல காய்ச்சல்மா. கேக்கறதுக்கு ஆளில்ல."

அந்தப் பெண்ணுக்குப் பேரம் தெரியாது. ஐந்து என்றால் ஐந்து என்றே எழுதிக்கொண்டாள்.

லாரி வந்த நேரத்தில் எதிர்வீட்டு நெசவாளி குமரனின் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகள், தெருவில் இருந்தது. பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். அதற்குத் தெருவும் வேண்டும், இரண்டு பக்கமும் கைகளும் வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று, அக்கம்பக்கத்தார் அந்த அரக்குச் சிவப்புப் பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தம் வீட்டுக்குள் அன்றைய நியூஸைப் பதிவு செய்துகொண்டிருந்தார். "...காய்ச்சல் இல்லாட்டியும், வாசன தெரியாம போச்சுன்னா ஒடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது. அடுத்ததா..."

அடுத்ததாக லாரி ஹார்ன் அடித்தது. அதுவும் பதிவில் சேர்ந்து குழுவுக்குப் போனது.

"பாவ எடுங்கபா, தெருவ மூடணும்" என்று லாரியிலிருந்து ஒருவர் இறங்கினார். அவசரத்தில் சுருட்டினார்கள். பட்டுக்கு அவசரம் ஆகாது. ஒரு ஓரத்தில் இழைகள் கொத்தாக அறுந்து, தெருவில் சிந்திய குங்குமம் மாதிரி தரையில் கிடந்தன.

சிறிது நேரத்தில் சம்பந்தத்தின் வாசலில் கூட்டம். முன்னால் நின்றவள் குமரனின் மனைவி புவனேஸ்வரி. கையில் அறுந்த இழைக் கொத்து.

"அண்ணா, நம்ம தெருவுல அஞ்சு வீட்ல காய்ச்சலாம். லாரிக்காரரு சொல்றாரு. எந்த அஞ்சு?"

"எனக்குத் தெரியலியேம்மா."

"உங்களுக்கே தெரியலன்னா எப்படி? முட்ட எங்க கெடைக்கும்னு சொல்றீங்க, எந்தத் தெருவ தொறக்கறாங்கன்னு சொல்றீங்க. நம்ம தெருவ எவன் போட்டுக் குடுத்தான்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேக்கறேன். அப்பறமா கேட்டு குரூப்ல போட்டுடறேன்."

"இப்பவே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்கறோம். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும், இந்த எழயெல்லாம் அவன் பல்லால முடிச்சி போட வெக்கறேன்."

பின்னால் யாரோ, "அவனுக்குப் பல்லு இருக்குதா பாரு முதல்ல" என்றார்கள். கூட்டம் சிரித்தது. சம்பந்தமும் சிரித்தார். மேல் வரிசையில் அவருக்கு இரண்டு பற்கள் இல்லை.

வேறு வழியில்லை. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரையும் அழுத்தினார்.

"வணக்கம், கட்டுப்பாட்டு அறை."

"அம்மா, பிள்ளையார்பாளையத்துலருந்து..."

"சம்பந்தம் சார்தான? டீம் கெளம்பிட்டாங்க சார். நீங்க..."

"அம்மா, அம்மா. இங்க தெருவே நின்னுக்கினு இருக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். புகார் குடுத்தது யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க."

 அந்தப் பக்கம் வேறொரு போன் அடித்து ஓய்ந்தது. சம்பந்தம் தன்னுடைய வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோலப்பொடி டப்பா, மங்கையர்க்கரசி வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது.

"புகார் குடுத்தவங்க பேர வெளிய சொல்லக் கூடாது சார். ரூல்ஸ்."

"நல்ல ரூல்ஸு" என்றாள் புவனேஸ்வரி. "ஏம்மா, எப்ப தொறப்பீங்க? அதையாவது சொல்லலாமா?"

"எல்லா வீட்டையும் பாத்து முடிக்கணும் மேடம். உதயகுமார் சார் வர்றாரு. அவரு சொல்வாரு."

கூட்டம் மொத்தமாகச் சம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தது. தெருவுக்கு அந்தக் கதை தெரியும். பட்டுக்கடையில் நடந்ததும் தெரியும், பையன் பெட்டியோடு போனதும் தெரியும். புவனேஸ்வரியின் குரல் சட்டென்று கீழே இறங்கியது.

"நம்ம உதயாவா வர்றான்?"

 ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கோபமாக வந்தவர்கள் பரிதாபப்பட்டுக்கொண்டு போனார்கள்; அதற்குக் கோபமே தேவலை என்று சம்பந்தத்துக்குத் தோன்றியது.

போனில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள்.

"சார், ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா. நல்லா இருப்ப."

"அஞ்சுன்னு நீங்க சொன்னத அப்படியே எழுதிட்டேன் சார். உதய் சார் அப்பறம் பாத்துட்டுத் தலையில கை வெச்சிக்கினாரு. இந்த நம்பர்லருந்து வந்தா பாதியா எழுதணும், சில நாள் எழுதவே வேணாம்னாரு. எனக்குத் தெரியாது சார், நான் புதுசு."

சம்பந்தத்துக்கு முகம் சுட்டது. பாதி. அவர் சொன்னதில் பாதியை வெட்டி எழுதிக்கொண்டிருக்கிறான் பையன், இத்தனை நாளாக. தொழில் தெரிந்தவன்தான்.

"ஆனா கேக்கறது முழுசா கேக்கணுமாம் சார்" என்றாள் பிரியதர்ஷினி. "அவரு பேசி முடிக்கிற வரைக்கும் போன வெக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

"அப்படியா சொன்னான்?"

"ஆமா சார். இன்னைக்குத் தெருவுக்கு நான்தான் வர்றதா இருந்தது. அந்தத் தெரு எனக்குத் தெரியும், நீ போவாதன்னு அவரே கெளம்பிட்டாரு. ரெஸ்டே இல்ல சார் அவருக்கு. ரூமுக்குக் கூட போவறதில்ல, ஆபீஸ்லயே படுத்துக்கறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா சார் அவரு?"

"தெரிஞ்சவன்தாம்மா" என்றார் சம்பந்தம்.

உச்சி வெயிலுக்கு முன்னால் மங்கையர்க்கரசியின் போன் வந்தது. பின்னணியில் பேரக்குழந்தையின் அழுகை. அந்தக் குழந்தையை அவர் செல்போன் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"ஏங்க, தெருவ மூடிட்டாங்களாமே. புவனா மெசேஜ் போட்டா."

"சும்மா. கணக்கெடுக்கறாங்க. சாயங்காலம் தொறந்துடுவாங்க."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சி. சாம்பார், பொரியல், அப்பளம்."

காலையில் கிளறிய உப்புமாவின் மிச்சம் வாணலியில் கட்டியாக இருந்தது.

"உதயா பேசறானா?"

"தெனம் பேசறான்."

"இன்னா பேசறான்?"

"எல்லாந்தான். தெருவப் பத்தி, பிளீச்சிங் பவுடரப் பத்தி..."

"அப்பான்னு கூப்பிடறானா?"

"பின்ன? மாமான்னா கூப்பிடுவான்?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க எதச் சொன்னாலும் பாதிதாங்க நான் எடுத்துக்கறது. கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தான். இதுல எப்படிப் பாதி எடுத்துக்கறது? ஒண்ணு கூப்பிட்டிருக்கணும், இல்ல கூப்பிடாம இருந்திருக்கணும்."

சம்பந்தம் வாயைத் திறந்தார்.  அதற்குள் குழந்தை வீறிட்டது. "அப்பறம் பேசறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். மகன் வருகிறான் என்று அவளிடம் சொல்லவில்லை. வந்து சேராத சரக்குக்கு அவர் விலை சொல்கிற வழக்கமில்லை.

குளித்தார். முகூர்த்த நாட்களில் கடைக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் வியாபாரத்துக்குத் தயாராக இருக்கிற ஆள் தெரிந்தார். எதிரே மெத்தையில் உட்கார ஒருவரும் இல்லை. வீட்டில் கடிகாரம்கூட ஓடவில்லை. செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணப் போகும்போதெல்லாம் அதற்கு ஒரு பாட்டரி வாங்க நினைத்து மறந்துவிடுவார். மறப்பது நல்லதுதான், யாரும் நேரத்துக்கு வரப்போவதில்லை.

தெருவின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. கதவைத் தட்டுகிற சத்தம், அப்புறம் ஒரு கேள்வி.

"வீட்ல எத்தன பேரு?"

"ஏழு பேரு."

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

"வீட்ல எத்தன பேரு?"

"அஞ்சு. கைக்கொழந்தையோட ஆறு."

"தம்பி குடும்பமும் இங்கதான் இருக்குதுபா, ஒம்பது போட்டுக்க."

சம்பந்தம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீடும் தன் கும்பலைச் சொல்லிக்கொண்டே வந்தது. மூணு என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். மனைவி வெளியூரில், மகன் வெளியே, நான் இங்கே, மொத்தம் மூன்று. பொய் இல்லை. கொஞ்சம் ஏற்றிச் சொன்ன விலை, அவ்வளவுதான்.

கதவு தட்டப்பட்டது.

வெள்ளைக் கவச உடை, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள், அதற்கு உள்ளே முகக்கவசம். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டாதே என்று கத்திக் கத்தி ஓய்ந்த தோள் அது. அவனுக்குப் பின்னால் மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஜான்சன் என்கிற ஊழியர் நின்றார்.

"வணக்கம் சார். காய்ச்சல் கணக்கெடுப்பு."

"வணக்கம்."

"மாஸ்க் போட்டுக்கங்க."

துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் புவனேஸ்வரி நிற்பது தெரிந்தது. உதயகுமார் அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"அஞ்சு வீட்ல காய்ச்சல்னு புகார். அந்தக் கோடியிலருந்து பாத்துக்கினே வர்றோம், ஒரு வீட்லயும் இல்ல. எந்த அஞ்சு சார்?"

"அஞ்சுன்னா..." சம்பந்தம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு மூணு இருக்கும்."

அவன் எழுதவில்லை. பேசாமல் நின்றான். பதிலுக்கு விலை கேட்காமல் சும்மா நிற்கிற வாடிக்கைக்காரரைப் போலக் கஷ்டமானவர் உலகத்தில் இல்லை என்பது சம்பந்தத்துக்குத் தெரியும்.

"ரெண்டுன்னு வெச்சிக்கயேன்."

அவன் அசையவில்லை.

"ஒரு வீட்ல இருமற சத்தம் கேட்டுது. அது நிச்சயம்."

"எந்த வீடு?"

துண்டுக்குள்ளிருந்து பதில் மெதுவாக வந்தது. "டீவியில."

ஜான்சன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டி குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. உதயகுமாரின் கண்கள் மட்டும் கண்ணாடித் தாளுக்குப் பின்னால் ஒரு கணம் சுருங்கின. சிரிப்பா, தூக்கமில்லாத எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி. வீட்ல எத்தன பேரு?"

மூன்று என்கிற விலை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பையனைப் பார்த்தார். அந்த உடைக்குள் வேர்த்து, கழுத்தருகே தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. இல்லாத காய்ச்சலுக்கு இந்த வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறான்.

"ஒருத்தன்" என்றார் சம்பந்தம். "ஒருத்தன்தான்."

பேனா தாளின்மேல் நின்றது. எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. முதல் தடவையாகச் சம்பந்தம் சொன்ன விலையில் குறைப்பதற்கு எதுவும் இல்லை.

பிறகு எழுதிக்கொண்டான். நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரியான அந்தக் கருவியை நீட்டினான். "நார்மல்" என்றான். "தண்ணி நெறைய குடிங்க." திரும்பினான்.

"ஜான்சன், இந்த வீட்டு வாசலுக்கு அடிக்கலியே நீ?"

"இப்பதான சார் அடிச்சேன்" என்றார் ஜான்சன். "நீங்க பேசிக்கினு இருந்தப்ப. கண்ணே எரியுது. உங்களுக்கு நெடி வரல?"

சம்பந்தத்துக்குத் துண்டையும் தாண்டி மருந்து நெடி மூக்கைப் பிய்த்தது. எதிர்வீட்டு வாசலில் புவனேஸ்வரி முந்தானையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தாள்.

 உதயகுமாரின் தாழ்ந்த தோள் ஒருமுறை குலுங்கியது. அடக்கிப் பார்த்தான். அடங்காமல், கவசத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இருமல் வெடித்தது.

"இன்னா இருமல் அது?"

"ஒண்ணுமில்ல."

"எத்தினி நாளா இருக்குது? நெடி தெரியலியா ஒனக்கு?"

இப்போது கேள்வி கேட்பது வீட்டுக்காரர்.

"தூசு" என்றான் உதயகுமார். "தூசுதான், அப்பா."

வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வராத பவுடரையும் வந்த பவுடரையும் மாற்றி மாற்றிச் சொன்னார், கசக்கக் கசக்கக் குடித்ததை இல்லை என்றார், ஐந்து வீட்டுக்குக் காய்ச்சல் வரவழைத்தார். வந்த வார்த்தையைக் கையில் வாங்கிப் பார்த்தால், பொய்யில் சுற்றிக் கொடுத்திருந்தான்.

பொய் விலை சொல்கிறவனின் கண் எதிராளியின் முகத்துக்கு வராது, துணிக்குப் போகும். இது சம்பந்தத்தின் தொழில் ரகசியம். புதுப் பையன்களைப் பழக்கும்போது முதலில் திருத்துவது அதைத்தான். உதயகுமாரின் கண் கையிலிருந்த தாளுக்குப் போயிருந்தது. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய்; நன்றாகவும் சொல்ல வரவில்லை.

"உள்ள போயி கதவச் சாத்திக்கங்க" என்றுவிட்டு அவன் தெருவைக் கடந்தான். அடுத்தது புவனேஸ்வரியின் வீடு. உள்ளே குமரனின் அப்பா, ஏற்கெனவே மூச்சிரைப்புக்காரர், கட்டிலில் படுத்திருப்பார்.

சம்பந்தம் கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனை எடுத்தார். சொன்னால், இதே தெருவிலிருந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பையனை வண்டியில் ஏற்றுவார்கள். பெற்ற அப்பனே போட்டுக்கொடுத்தான் என்பான். இன்று வந்த வார்த்தை திரும்பி வராமலே போகலாம். சொல்லாவிட்டால் அவன் அடுத்த வீட்டுக்குப் போவான், அதற்கடுத்த வீட்டுக்கும் போவான், ராத்திரி ஆபீஸ் தரையில் தனியாகப் படுப்பான், மூச்சு முட்டினாலும் எழுப்ப ஆளிருக்காது.

மறைக்கக் கூடாது என்று காலையில் தெருவுக்கே சொன்ன குரல் அவருடையதுதான்.

எண்ணை அழுத்தினார்.

"வணக்கம், கட்டுப்பாட்டு அறை."

"நான்தாம்மா."

"சொல்லுங்க சார்." பிரியதர்ஷினியின் குரலில் லேசான சிரிப்பு. "இன்னைக்குப் பாதியா எழுதணுமா, முழுசாவா?"

"ஒரே ஒரு ஆளும்மா. கொறைக்காம எழுதிக்க. இருமல் இருக்குது. நெடி தெரியல. மறைக்கறான்."

சிரிப்பு நின்றது. விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்த வீடு சார்?"

தெருவுக்கு அந்தப் பக்கம் கதவு தட்டப்பட்டது. "வீட்ல எத்தன பேரு?" என்று கேட்கத் தொடங்கிய குரல் இருமலில் பாதியோடு நின்றது.

"எங்க வீடுதாம்மா" என்றார் சம்பந்தம். "எங்க வீட்டுப் பையன்."

"பேரு சொல்லுங்க சார்" என்றாள் அவள்.